அப்பாவோட சீரியல் செட் பெட்டிக்குள்ள கண்ணாடி வச்ச சிப்பு, 64 பைட்டுல எப்படி மயில் தோகை விரிக்குது?

மைக்செட்மகன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் மதுர ஒத்தக்கடை, அப்பா மைக் செட் சீரியல் செட் கடை வச்சிருக்காரு, முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. திருவிழாவுக்கு கோயில் முன்னாடி நிக்க வைப்பாங்கள்ல பெரிய லைட் போர்டு, அந்த மாதிரி எங்ககிட்ட ஒரு மயில் இருக்கு, இருபது அடி உசரம், தோகை ஒவ்வொரு இறகா விரிச்சு மறுபடி மூடும், மேலூர் உசிலம்பட்டி பக்கம் இன்னைக்கும் அந்த மயிலுக்குன்னு ஆர்டர் வருது. எல்ஈடி போர்டு வந்த பிறகும் அந்த பழைய பல்பு மயில அப்பா விடமாட்டேங்குறாரு.

இப்ப பிரச்சனை என்னன்னா தோகையில கடைசி இறகு ரெண்டு வருசமா எரியல, அது கூட பரவால்ல, யாரும் எண்ணிப் பாக்கப் போறதில்ல. ஆனா இந்தப் பங்குனியில இருந்து தோகை முழுசா விரிஞ்ச உடனே அப்படியே நின்னுருது, மூடமாட்டேங்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா முதல்ல இருந்து ஆரம்பிச்சு அதே இடத்துல வந்து நிக்குது. ஒரு ஊர்ல பூசாரியே வந்து "மயிலுக்கு என்னப்பா ஆச்சு"ன்னு கேட்டுட்டாரு, அப்பாவுக்கு ரொம்ப அவமானமா போச்சு.

பெட்டியத் தொறந்து பாத்தேன். நடுவுல 40 காலு வச்ச பெரிய சிப்பு, டி8748எச்னு எழுதிருக்கு, நடு மண்டையில வட்டமா ஒரு கண்ணாடி, உள்ள பொடிசா பளபளன்னு என்னமோ தெரியுது, மேல ஸ்டிக்கர் ஒட்டி இருந்த பிசின் தடம் மட்டும் இருக்கு. பாக்க அம்புட்டு அழகா இருந்துச்சு, வெளிச்சம் பத்தலன்னு மாடியில வெயில்ல வச்சு நாலஞ்சு போட்டோ எடுத்தேன். அதப் பக்கத்துல 18 காலு சிப்பு ரெண்டு, அப்புறம் 6 காலு குட்டி குட்டியா 16, ஓரத்துல பிடி136 வரிசையா.

நெட்டுல தேடுனா இந்த சிப்புல ராம் 64 பைட்டுன்னு போட்டிருக்கு. நான் பி.காம், கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும், என் போன்ல 6 ஜிபி. 64 பைட்டுல ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் கூட நிக்காது, இது எப்படி மயில ஆட்டுது? என் ஃப்ரெண்டு ஒருத்தன் இதெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அர்டுயினோன்னு இப்ப ரெடிமேடா கிடைக்கிற கன்ட்ரோல் போர்ட போடுங்கறான். இன்னொருத்தன் இதுக்கும் முன்னாடி 4 பிட்டு சிப்பெல்லாம் இருந்துச்சு, அதுல 15 வரைக்கும்தான் எண்ண முடியும்ங்கறான், அப்ப அதை வச்சு என்னதான் பண்ணாங்க? இந்த போர்டு செஞ்சு குடுத்த அண்ணே இப்ப இல்ல, இறந்துட்டாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பரண்மேல்பழசு:

தம்பி முதல்ல அத வெயில்ல இருந்து எடு. மத்தது அப்புறம் பேசலாம்.

அந்த கண்ணாடி அழகுக்கு வச்சது இல்ல. அது வழியா புற ஊதாக் கதிர அடிச்சா உள்ள எழுதிருக்கிறது எல்லாம் அழிஞ்சு போயிரும், அழிச்சிட்டு மறுபடி எழுதத்தான் அந்த ஜன்னல். ஈப்ராம்னு சொல்வோம். அழிக்கிற பெட்டிக்குள்ள வச்சா 15, 20 நிமிசத்துல காலி. நேர் வெயில்ல வச்சா சுமாரா ஒரு வாரம், டியூப் லைட் வெளிச்சத்துல கெடந்தா மூணு வருசம்னு இன்டெல் டேட்டா ஷீட்லயே போட்டிருப்பான். நீ நாலஞ்சு போட்டோ எடுத்ததுல ஒண்ணும் ஆயிருக்காது, பயப்படாத, ஆனா ஸ்டிக்கர் எப்ப விழுந்துச்சுன்னு யாருக்கும் தெரியாதுல்ல, பெட்டி மூடி இருந்ததால பொழச்சிருக்கு. இப்பவே ஒரு கருப்பு டேப்ப ஒட்டு, அடியில சிகரெட் தாள் பளபள பக்கம் இருந்தா இன்னும் நல்லது.

நான் புதூர்ல இருக்கேன், ஒரு பாலிடெக்னிக்ல லேப்ல இருந்து ரிட்டையர் ஆனவன். 8748ங்கிறது 8048 குடும்பம், இன்டெல் 1976ல விட்டது. சிபியு, ராம், ப்ரோகிராம் மெமரி, டைமர், 27 இன்புட் அவுட்புட் லைன் எல்லாம் ஒரே ஓட்டுக்குள்ள. ப்ரோகிராமுக்கு 1024 பைட்டு, அதுதான் அந்த ஜன்னலுக்குள்ள இருக்கு. 64 பைட்டுங்கிறது ராம் மட்டும், ஓடும்போது கணக்கு குறிச்சுக்கிற இடம். நீ ரெண்டையும் போட்டு குழப்பிக்கிட்ட. ஐபிஎம் பிசி முதல்ல வந்தப்ப அதோட கீபோர்டுக்குள்ள உக்காந்திருந்ததும் இந்த 8048 ஜாதிதான்.

உங்க அப்பாகிட்ட பழைய உருளை இருக்கான்னு கேளு. இந்த சிப்பெல்லாம் வர்றதுக்கு முன்னாடி சீரியல் செட்டுக்கு மர உருளைதான், ஃபேன் மோட்டார்ல பெல்ட் போட்டு மெதுவா சுத்தும், உருளை மேல செம்புத்தகடு வெட்டி ஆணி அடிச்சிருக்கும், வரிசையா பட்டை பட்டையா கான்டாக்ட் உரசிக்கிட்டு இருக்கும், தகடு படுற நேரம் அந்த வரிசை பல்பு எரியும், மரம் படுற நேரம் அணையும். அந்த உருளைய கண்ண மூடி நினைச்சுப் பாரு, எத்தனை பட்டை பக்கத்துல பக்கத்துல இருக்கோ அதுதான் பிட்டு, சுத்தளவுல எத்தனை படி இருக்கோ அதுதான் மெமரி. 16 இறகுக்கு 16 பட்டை. 8 பிட்டு சேந்தா ஒரு பைட்டு. 8 பிட்டு சிப்புன்னா ஒரு தடவைக்கு 8 பட்டைய தான் பாக்கும், ரெண்டு தடவை பாத்துச்சுன்னா 16, கண்ணுக்கு அது தெரியவா போகுது? 6 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டா ஒரு மெஷின் சைக்கிள், அதாவது ஒரு சின்ன வேலைய முடிக்கிற நேரம், 2.5 மைக்ரோ செகண்டு. மயிலு ஒரு இறகுக்கும் அடுத்த இறகுக்கும் நடுவுல எடுத்துக்கிற நேரத்துல அது சும்மா எண்ணிக்கிட்டே கெடக்கும், ஆயிரக்கணக்குல.

அப்ப 64 பைட்டு ராம் எதுக்கு? இப்ப எந்த படியில நிக்கிறோம்னு ஒரு பைட்டு, எத்தனை சுத்து முடிஞ்சுதுன்னு ஒரு பைட்டு, நேரம் எண்ண ரெண்டு. மிச்சம் 60 பைட்டு காத்து வாங்கும். அதுலயும் 8ல இருந்து 23 வரைக்கும் ஸ்டாக்குக்குன்னு, அதாவது நடுவுல வேற வேலைக்குப் போனா திரும்பி வரவேண்டிய இடத்த குறிச்சு வைக்க, ஒதுக்கிருப்பான், அது வேற விசயம்.

சும்மாபாக்குறவன்:

வெயில்ல வச்சு போட்டோ எடுத்தேன்னு படிச்சதும் எனக்கே நெஞ்சு பதறிருச்சு மாப்ள. அதுவும் நம்ம மதுர வெயிலு.

வைகைக்கரையான்:

அண்ணே சூப்பரா சொன்னீங்க, உருளை எக்ஸாம்பிள் எங்க காலேஜ்ல ஒருத்தரும் சொல்லல. நான் ஊரு செல்லூரு, இப்ப பெங்களூர்ல எம்பெடட் வேலை, அதாவது சாமானுக்குள்ள உக்கார்ற சிப்புக்கு ப்ரோகிராம் எழுதுற வேலை. 4 பிட்டு கேள்விக்கு நான் வர்றேன்.

15 வரைக்கும்தான் எண்ண முடியும்ங்கிறது அரைகுறை. 4 பிட்டுல 0ல இருந்து 15 வரை நிக்கும், சரி. ஆனா அத யாருக்காக செஞ்சாங்கன்னு பாக்கணும். இன்டெல் 4004, 1971 நவம்பர்ல வெளிய வந்துச்சு, அது பிசிகாம்ங்கிற ஜப்பான் கால்குலேட்டர் கம்பெனி கேட்டு ஆரம்பிச்ச வேலை. அவங்க கால்குலேட்டருக்குன்னு தனித்தனியா நிறைய சிப்பு கேட்டாங்க, டெட் ஹாஃப், ஸ்டான் மேசர் ரெண்டு பேரும் எதுக்கு அம்புட்டு, பொதுவா ஒரு சின்ன கம்ப்யூட்டர் சிப்பா பண்ணிட்டு மெமரியில ப்ரோகிராம் எழுதிக்கலாமேன்னு யோசிச்சாங்க, பெடரிகோ ஃபாஜின் வந்து அத சிலிக்கான்ல வரைஞ்சு முடிச்சாரு, பிசிகாம் பக்கத்துல இருந்து மசதோஷி ஷிமா கூட உக்காந்தாரு. சுமார் 2300 டிரான்சிஸ்டர். ஃபாஜின் தன் இனிஷியல அந்த சிப்பு ஓரத்துலயே பொறிச்சு வச்சிருக்காரு, நம்ம ஊர்ல சிலை செதுக்குனவன் கூட பேரு போட மாட்டான்.

கால்குலேட்டருக்கு என்ன வேணும்? 0ல இருந்து 9 வரைக்கும் ஒரு இலக்கம். அதுக்கு 3 பிட்டு பத்தாது, 4 பிட்டு சரியா போதும். அதனாலதான் 4. நோட்டுல கூட்டல் போடும்போது நாம என்ன 47ஐ முழுசா ஒரே அடியா கூட்டுறோம், ஒண்ணாம் இடம் கூட்டி, மிச்சத்த பத்தாம் இடத்துக்கு ஏத்தி, அப்படியே இடது பக்கம் போறோம்ல, அதுவும் அதையேதான் பண்ணும், ஒரு இலக்கம், அப்புறம் கேரி, அப்புறம் அடுத்த இலக்கம். எட்டு இலக்க எண்ணு ரெண்ட கூட்ட ஒரு மில்லி செகண்டுக்குள்ள முடிச்சிரும். கால்குலேட்டர் பட்டன அமுக்குற விரலுக்கு அது போதாதா என்ன. பதினஞ்சுக்கு மேல எண்ண முடியாதுன்னா நமக்கும் ஒன்பதுக்கு மேல எண்ணத் தெரியாதுன்னு தான் சொல்லணும்.

இன்னொரு கூத்து, 4004க்கு மொத்தமே 16 காலு. அட்ரஸ் 12 பிட்டு, கமாண்டு 8 பிட்டு, ஆனா வெளிய போற வழி நாலே நாலு கம்பி. விளக்குத்தூண் பக்கத்து சந்துல தீபாவளி டைம்ல போற மாதிரி, அட்ரஸ மூணு தவணையா அனுப்பும், கமாண்ட ரெண்டு தவணையா வாங்கும், தவணைக்கு ஒரு கிளாக்கு, அதாவது சிப்போட ஒரு துடிப்பு, அப்புறம் மூணு கிளாக்குல வேலைய முடிக்கும், ஆக மொத்தம் எட்டு கிளாக்கு, 10.8 மைக்ரோ செகண்டு. காலு அதிகம் இருந்தா வேகமா போயிருக்கும், அப்ப இன்டெல் 16 காலு பேக்கேஜ விட்டு நகர மனசில்லாம இருந்துச்சு.

எல்லாரும் 4004 தான் எல்லாத்துக்கும் அப்பன்னு சொல்வாங்க, எனக்கு அதுல முழு ஒப்புதல் இல்ல. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1971 செப்டம்பர்லயே கால்குலேட்டர மொத்தமா ஒரே சிப்புல அடக்கி அறிவிச்சுட்டான். அதுல இருந்து வளர்ந்ததுதான் டிஎம்எஸ் 1000, 1974ல வெளி ஆளுங்களுக்கு விக்க ஆரம்பிச்சது, 4 பிட்டு, ரோம் (ப்ரோகிராம் நிரந்தரமா இருக்கிற மெமரி), ராம் எல்லாம் உள்ளயே, 1024 பைட்டு ரோம், ராம் 64 தடவை 4 பிட்டு, அதாவது உங்க மயிலோட ராம்ல பாதி. அதை வச்சு விளையாட்டு சாமான் கோடிக்கணக்குல போச்சு, சைமன்னு லைட்டு எரிய எரிய ஞாபகம் வச்சு அமுக்குற விளையாட்டு, 1978ல வந்தது, அதுக்குள்ள இதுதான். மைக்ரோகன்ட்ரோலர்னு இன்னைக்கு நாம சொல்ற, சிபியு மெமரி எல்லாம் ஒரே சிப்புல அடங்குன சாமானுக்கு 4004ஐ விட டிஎம்எஸ் 1000 தான் நெருங்கிய சொந்தம்.

அதுல ஒரு வினோதம் கேளுங்க. ப்ரோகிராம் கவுன்டர், அதாவது அடுத்து எந்த கமாண்டுன்னு காட்டுறது, 1, 2, 3ன்னு வரிசையா போகாது. வரிசையா கூட்டுற சர்க்யூட்டுக்கு டிரான்சிஸ்டர் அதிகம் ஆகும்னு, பிட்ட தள்ளி தள்ளி ஓரத்துல ஒரு பிட்ட கலக்கி விடுற ஷிஃப்ட் ரெஜிஸ்டர் வச்சுட்டாங்க. அது 64 இடத்தையும் ஒரு கலைச்சுப் போட்ட வரிசையில சுத்தும். ப்ரோகிராமையும் அதே கலைஞ்ச வரிசையில ரோம்ல வச்சுட்டா யாருக்கு என்ன நஷ்டம். இத முதல்முறை படிச்சப்ப ராத்திரி ரூம்ல ஒத்தையா உக்காந்து சிரிச்சேன்.

அர்டுயினோ போடச் சொன்ன ஃப்ரெண்டுகிட்ட ஒண்ணு கேளுங்க. அர்டுயினோ ஊனோ போர்டுல இருக்கிற ஏடிமெகா 328 சிப்பும் 8 பிட்டு தான். பழச தூக்கிப் போட்டுட்டு புதுசா அதே அகலம்தான் போடப்போறாரு.

ஸ்பின்னிங்சீனி:

நான் ராஜபாளையம் மில்லு மெயின்டெனன்ஸ், இருபத்திரெண்டு வருசம் சர்வீஸ். இந்த பிட்டு பிட்டுன்னு பேசுறத கையில தொட்டுப் பாக்கணும்னா தம்வீல் சுவிட்ச புடிங்க. பழைய மெஷின்ல நீளம் செட் பண்ண விரலால உருட்டுற சக்கரம் இருக்கும்ல, ஒவ்வொரு சக்கரத்துக்கும் 0 முதல் 9, பின்னாடி திருப்பிப் பாத்தா ஒவ்வொண்ணுலயும் நாலு கம்பி, பொதுவுக்கு ஒண்ணு. 1, 2, 4, 8. ஏழுல வச்சா 1, 2, 4 மூணு கம்பியும் பொதுவோட ஒட்டும், 8 ஒட்டாது. அந்த நாலு கம்பிதான் 4 பிட்டு. இத மீட்டர் வச்சு ஒருதரம் பீப் அடிச்சுப் பாத்தவனுக்கு பிசிடின்னா, அதாவது ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியா 4 பிட்டுல எழுதுற முறைன்னா, என்னன்னு ஜென்மத்துக்கும் மறக்காது. புதுசா வர்ற டிப்ளமா பசங்களுக்கு நான் முதல்ல குடுக்கிற வேலையே இதுதான், ஒண்ணு ரெண்டு பேரு மொறைப்பானுங்க, பரவால்ல.

எங்க மில்லுல ரொம்ப நாளா ஓடுனது இன்டெல் 8085ங்கிற 8 பிட்டு சிப்பு வச்ச போர்டு. 1976ல வந்தது, அதுக்கு முந்தின 8080க்கு +5, -5, +12ன்னு மூணு சப்ளை வேணும், இதுக்கு ஒரே 5 வோல்ட்டு, அதுக்கே கோயில் கட்டி கும்பிடலாம். போர்டு கெட்டுப்போறதுக்கு சிப்பு காரணமா இருந்தது ரொம்ப கம்மி. ஒண்ணு பஞ்சு தூசி சாக்கெட்டுல அடைஞ்சு காலு ஒட்டாது, இல்லன்னா ராமுக்கு உசுரு குடுக்க வச்ச நிக்கல் காட்மியம் பேட்டரி பச்சையா ஒழுகி தடத்த தின்னுரும். சிப்ப பிடுங்கி காலை ரப்பர் வச்சு தேச்சு மறுபடி மாட்டுனா பாதி போர்டு எந்திரிச்சுரும்.

8085 படிச்சவங்க எல்லாருக்கும் லேப் கிட்டு ஞாபகம் இருக்கும். ஏழு செக்மென்ட் எழுத்து மொத்தம் ஆறு, நாலு அட்ரசுக்கு ரெண்டு டேட்டாவுக்கு, பட்டன் அமுக்கி அமுக்கி விரலு மரத்துப் போயிரும். 4100ல ஆரம்பிச்சு 3இ, 29, சி6, 13, 27, 32, 00, 42, 76. 29ம் 13ம் கூட்டினா மெஷினுக்கு 3சி வரும் (அது பதினாறு பதினாறா எண்ணும், 9க்கு அப்புறம் ஏ, பி, சி), அது கணக்கு வாத்தியாருக்கு புரியாது, அந்த 27 இருக்கு பாருங்க, டிஏஏ, அது வந்து பின்னால இருக்கிற சி ஒன்பதுக்கு மேல போயிருச்சுன்னு பாத்து ஆறு சேத்து 42 ஆக்கிரும். 8 பிட்டு சிப்புக்குள்ளயும் 4 பிட்டு கால்குலேட்டர் புத்தி ஒளிஞ்சிருக்குன்னு இத வச்சுத்தான் எனக்கு விளங்குச்சு. விடை வைக்கிற அட்ரசு 4200க்கு 42, 00ன்னு நேரா அடிச்சுட்டு விடை வரல வரலன்னு ஒரு பீரியடு பூரா அழுதவன் நான். சின்ன பாதிதான் முதல்ல வரணும்.

பரண்மேல்பழசு:

சீனி தம்பி, அந்த கிட்டுல எக்ஸாம் நேரத்துல எவனாவது கரன்ட் ஒயர தட்டி விட்டா அடிச்சது அத்தனையும் போயிரும், பையன் மூஞ்சியப் பாக்க முடியாது. நான் ரெண்டு தடவை நானே உக்காந்து அடிச்சுக் குடுத்திருக்கேன், இப்ப ரிட்டையர் ஆயாச்சு, சொல்லலாம்.

மைக்செட்மகன் தம்பிக்கு இப்ப ரிப்பேர் விசயத்துக்கு வர்றேன். உன் போர்டுல 18 காலு சிப்பு ரெண்டும் யூஎல்என் 2803ஆ இருக்கும், 6 காலு குட்டி எம்ஓசி 3021ஆ இருக்கும், பேரப் படிச்சுப் பாத்துக்க. சிப்பு சொல்லுது, யூஎல்என் தள்ளுது, எம்ஓசி நடுவுல நின்னு 230ஐ இங்கிட்டு வரவிடாம பிரிச்சு வைக்குது, பிடி136ங்கிற டிரையாக், அதாவது 230 கரன்டுக்கு எலக்ட்ரானிக் சுவிட்ச், பல்ப எரிக்குது. கடைசி இறகு எரியாததுக்கு அந்த ஒரு டிரையாக்கோ எம்ஓசியோ போயிருக்கும், பக்கத்துல உள்ளதோட மாத்திப் பாத்தா தெரிஞ்சுரும். டிரையாக் பக்கம் கரன்ட் இருக்கும்போது கை வைக்காத.

தோகை நிக்கிறது வேற கதை. நீ எழுதுனத நல்லா படிச்சேன். முழுசா விரிஞ்ச உடனே நிக்குதுன்னு சொன்ன. முழுசா விரியறப்ப தான் 16 எம்ஓசிக்குள்ள இருக்கிற எல்ஈடியும் ஒண்ணா எரியும், ஒவ்வொண்ணுக்கும் சுமார் 15 மில்லி ஆம்பியர், கூட்டிப் பாரு, 240. அது அம்புட்டும் அந்த 5 வோல்ட்டுல இருந்துதான் வரணும். அதனால எனக்கு சிப்பு மேல சந்தேகம் இல்ல, சப்ளை மேல தான். சோதிக்க ஒரு வழி சொல்றேன், ஆஃப் பண்ணிட்டு யூஎல்என்ல ஒண்ண சாக்கெட்ட விட்டு கழட்டிரு, பாதி தோகைதான் எரியும், இப்ப ஆன் பண்ணு. பாதி தோகையோட விரிஞ்சு மூடி விரிஞ்சு மூடி ஓடுச்சுன்னா ப்ரோகிராம் சுத்தம், சப்ளைதான் வீக்கு. அப்பவும் அதே படியில நின்னா ஈப்ராம்ல அந்த இடத்துல பிட்டு அழிஞ்சிருக்கும், அது வேற வைத்தியம். 8748ல 40ம் காலு, 26ம் காலு ரெண்டுலயும் 5 வோல்ட்டு நிக்கணும், 20 கிரவுண்டு. ஓடும்போது அத மீட்டர்ல பாரு.

சும்மாபாக்குறவன்:

சரி அண்ணே ஒரு பிட்டு சிப்பு இருக்கா? சும்மா கேக்குறேன்.

வைகைக்கரையான்:

சும்மா கேட்டாலும் இருக்கு. மோட்டோரோலா எம்சி14500பி, 1977 வாக்குல வந்தது, ஒரே பிட்டு, 16 காலு, 16 கமாண்டு. உள்ள ப்ரோகிராம் கவுன்டர் கூட கிடையாது, வெளிய ஒரு கவுன்டர் சிப்பு வச்சு நாமதான் படி ஏத்தணும். மேட்டர் என்னன்னா ஃபேக்டரியில ரிலே வச்சு பண்ற வேலை இருக்குல்ல, இந்த சுவிட்ச் ஆனு, அந்த சுவிட்ச் ஆஃபு, அப்படின்னா மோட்டார் ஓடு, அதுக்கு ஒரு பிட்டுக்கு மேல எதுக்கு? பதிலே ஆமா இல்லன்னு வர்ற இடத்துல. உண்மையா பாத்தா மயிலு போர்டுக்கும் அது போதும், 16 இறகுன்னா 16 தடவை கேட்டுக்கும். இன்டெல் 8051, 1980ல வந்ததுல கூட இந்த ஒரு பிட்டு யோசனைய தனியா உள்ள வச்சிருக்கான், ராம்ல 16 பைட்ட ஒவ்வொரு பிட்டா தொடலாம், மொத்தம் 128 சுவிட்ச் வச்ச மாதிரி. கன்ட்ரோல் வேலை செய்யறவங்களுக்கு 8051 இம்புட்டு வருசம் தாங்குனதுக்கு இது ஒரு முக்கிய காரணம்னு நான் நினைக்கிறேன்.

4 பிட்டும் செத்துப் போயிருச்சுன்னு நினைக்காதீங்க, கடிகாரம், ரிமோட்டுன்னு பட்டன் செல்லுல வருசக்கணக்குல ஓடவேண்டிய இடத்துல ரொம்ப காலம் அதான் ராஜா.

அப்புறம் பரண் அண்ணே, 8748ல எந்தப் படியில எந்த இறகு எரியணும்ங்கிற டேபிள் எங்க வச்சிருப்பாங்க? எனக்கு 8051 தான் பழக்கம்.

பரண்மேல்பழசு:

நல்ல கேள்வி, அந்த செத்துப்போன மனுசனோட கெட்டிக்காரத்தனம் அங்கதான் இருக்கு. 8748ல 1024 பைட்டும் 256, 256ஆ நாலு பக்கம். கண்டிஷன் ஜம்ப் எல்லாம் அந்த பக்கத்துக்குள்ள தான், பக்கம் தாண்டி குதிக்க முடியாது. டேபிள் படிக்க ரெண்டு கமாண்டு, ஒண்ணு இருக்கிற பக்கத்துல இருந்து மட்டும் எடுக்கும், இன்னொண்ணு எங்க இருந்தாலும் மூணாம் பக்கத்துல இருந்து எடுக்கும், சைபர்ல இருந்து எண்ணனும், அதாவது கடைசி பக்கம். அதனால எல்லாரும் படத்த கொண்டு போய் மூணாம் பக்கத்துல வைப்போம். 256 பைட்டு, ஒரு படிக்கு 2 பைட்டு, 128 படி. மயிலு 128 படிக்குள்ள விரிஞ்சு, லேசா சிலிர்த்து, மூடணும். கழிக்கிறதுக்கு தனி கமாண்டே கிடையாது, கவுத்துப் போட்டு கூட்டி மறுபடி கவுக்கணும். இதுல உக்காந்து எவனோ ஒருத்தன் தோகை சிலிர்க்கிறத எழுதிருக்கான் பாரு.

தம்பி, மயிலு மூடும்போது விரிஞ்ச வரிசையிலேயே திரும்ப மூடுதா, இல்ல வேற மாதிரியா? டேபிள பின்னாடியே படிச்சு இடத்த மிச்சம் பண்ணிருப்பாருன்னு தோணுது.

மைக்செட்மகன்:

ஐயா, அண்ணே, எல்லாருக்கும் முதல்ல நன்றி. நேத்து ராத்திரி கடைய சாத்துனப்புறம் உக்காந்தோம். சொன்ன மாதிரியே யூஎல்என் 2803 தான், ஒண்ண கழட்டிட்டு போட்டேன், பாதி மயிலு விரிஞ்சு மூடி விரிஞ்சு மூடின்னு நிக்காம ஓடுச்சு! அப்பா சேர்ல இருந்து எந்திரிச்சுட்டாரு. மறுபடி மாட்டுனேன், முழுசா விரிஞ்சது, நின்னுச்சு. 40ம் கால்ல மீட்டர் வச்சா விரிய விரிய 5.0ல இருந்து எறங்கி கடைசில 4.3. 5 வோல்ட்டு குடுக்கிற 7805க்கு முன்னாடி இருக்கிற 1000 மைக்ரோஃபாரடு கண்டன்சர் தலை பொங்கல் பானை மாதிரி உப்பி இருந்துச்சு, ஏன் முதல்லயே அத பாக்கலன்னு தெரியல, கண்ணாடிய பாத்து மயங்கிட்டேன். காலையில டவுன் ஹால் ரோடு பக்கம் போய் புதுசு வாங்கி மாட்டியாச்சு, இப்ப 4.9க்கு கீழ எறங்கல, ஒரு மணி நேரம் ஓடவிட்டோம், நிக்கல. கடைசி இறகுக்கு டிரையாக் தான் போயிருந்துச்சு, அதுவும் போட்டாச்சு. ரெண்டு வருசம் கழிச்சு முழு தோகை.

மூடுறது விரிஞ்ச வரிசையில இல்ல ஐயா, நான் போன்ல வீடியோ எடுத்து மெதுவா ஓடவிட்டுப் பாத்தேன், விரியும்போது நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் போகுது, மூடும்போது எடது பக்கத்துல இருந்து வலது பக்கம் சாயுது. தனியா எழுதிருக்காரு போல.

உருளையப் பத்தி கேட்டேன். அப்பா ஒண்ணும் சொல்லாம பரண்ல ஏறி சாக்கு சுத்தி வச்சிருந்தத எறக்குனாரு. 12 பட்டை. செம்பு எல்லாம் கருத்துப் போயிருச்சு. அந்த அண்ணே முதல்ல இந்த உருளையத்தான் காப்பி அடிச்சு சிப்புல எழுதுனாராம், நாலு பட்டை சேத்துத் தாங்கன்னு அப்பா கேட்டாராம். அர்டுயினோ பேச்ச எடுத்தேன், அப்பா என்னைய பாத்த பார்வையில அதோட விட்டுட்டேன்.

ஒரு பயம் மட்டும் இருக்கு, உள்ள இருக்கிறது என்னைக்காவது அழிஞ்சு போயிட்டா? காப்பி எடுத்து வைக்க முடியுமா? 8051 ஜாதியில வர்ற 89எஸ்52 சிப்பு போட்டா அதே சாக்கெட்டுல உக்காருமா?

ஸ்பின்னிங்சீனி:

உக்காரும், ஆனா வேலை செய்யாது. ரெண்டுக்கும் 40 காலு, சப்ளையும் கிரவுண்டும் அதே இடம்தான், மத்த காலு பெரும்பாலும் வேற. ரீசெட்டு 8748ல கீழ இழுத்தா, 8051 ஜாதியில மேல தூக்குனா. கமாண்டும் வேற. மாட்டிட்டு ஆன் பண்ணி பாக்கலாம்னு ஆசைப்படாதீங்க.

பரண்மேல்பழசு:

காப்பி எடுத்தே ஆகணும், அத தள்ளிப் போடாத. இப்ப சல்லிசா வர்ற ப்ரோகிராமர வாங்கிட்டு இது படிக்கும்னு நம்பாத, இதுக்கு படிக்கிறதுக்கே 7ம் கால்ல வழக்கத்த விட கூடுதல் வோல்ட்டேஜ் வைக்கணும். எழுதுறதுன்னா எச் போட்டதுக்கு 21 வோல்ட்டு, எச் போடாத பழசுக்கு 25, மாத்தி வச்சா சிப்பு சாம்பல். என்கிட்ட பழைய ப்ரோகிராமர் ஒண்ணு கெடக்கு, அதுக்கு ஏத்த பழைய கம்ப்யூட்டரும் கெடக்கு, எந்திரிக்குதான்னு பாக்கணும். சிப்ப கழட்டும்போது ஸ்க்ரூ டிரைவர ஒரே பக்கம் விட்டு நெம்பாத, ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா தூக்கு. ஓட்டுல ஒரு கீறல் விழுந்தா அம்புட்டுத்தான். பெட்டியோட தூக்கிட்டு வந்தா இன்னும் நல்லது, ஞாயித்துக்கிழமை வெள்ளனே வா, எட்டு மணிக்கு மேல எங்க தெருவுல கரன்ட் எப்ப போகும்னு சொல்ல முடியாது. முடிஞ்சா அப்பாவையும் கூட்டிட்டு வா, அந்த உருளையும் கொண்டு வா.

மைக்செட்மகன்:

கண்டிப்பா வர்றோம் ஐயா. அப்பா இப்பவே உருளைய துணி போட்டு துடைச்சுக்கிட்டு இருக்காரு. கண்ணாடி மேல அவரே சிகரெட் தாள ஒட்டிட்டாரு, எங்க இருந்து எடுத்தீங்கன்னு அம்மா கேட்டுக்கிட்டு இருக்காங்க, விட்டு பத்து வருசம் ஆச்சுன்னு சொல்லிட்டு இருந்தாரு.